'கிராக்-அப்' (1946): ஓவியப் போலி பற்றிய பழைய குற்றப்படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஒரு ரியூசன் கொட்டகையில் பழைய படங்களைப் போட்டுப் பார்த்து, முடிந்ததும் இருந்து கதைக்கிற சிறிய வட்டம் எங்களுடையது. 'கிராக்-அப்' போட்ட பிறகு வந்த அளவு கேள்விகள் வேறு எந்தப் படத்துக்கும் வரவில்லை. பரந்தன், விசுவமடு, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் கேட்டார்கள். அவரவருக்குச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறோம். படம் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு மிச்சத்தை வாசியுங்கள். அதற்குப் பிறகு எல்லாம் உடைந்துவிடும்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

1946இல் அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனம் தயாரித்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கியவர் இர்விங் ரீஸ். துப்பறியும் கதைகள் எழுதிய பிரெட்ரிக் பிரவுணின் ஒரு கதையிலிருந்து எடுத்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓடும். பாட் ஓ'பிரையன், கிளேர் டிரெவர், ஹெர்பர்ட் மார்ஷல், ரே கொலின்ஸ் முக்கிய நடிகர்கள். 'சிட்டிசன் கேன்' பார்த்தவர்களுக்கு ரே கொலின்ஸின் முகம் உடனே பிடிபடும். அதில் கேனின் தேர்தல் கனவைக் கவிழ்க்கிற அரசியல்வாதி அவர்தான். கிளேர் டிரெவர் 1948இல் வந்த 'கீ லார்கோ' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை ஒஸ்கார் வாங்கியவர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜோர்ஜ் ஸ்டீல் நியூயோர்க்கில் ஒரு ஓவிய அருங்காட்சியகத்தில் பொதுமக்களுக்கு விரிவுரை செய்கிறவன். போர்க் காலத்தில் இராணுவத்தில் இருந்துகொண்டு போலி ஓவியங்களைப் பிடித்துக் கொடுத்த அனுபவம் உண்டு. ஒரு நள்ளிரவில் அதே அருங்காட்சியகத்தின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகிறான். குடித்தவன் போல இருக்கிறான், பொலிஸ்காரனோடு மல்லுக்கட்டுகிறான். நினைவு தெளிந்ததும், தான் வந்த ரயில் இன்னொரு ரயிலோடு மோதிவிட்டது என்கிறான். பொலிஸ் விசாரித்துப் பார்த்தால் அன்றிரவு எந்த ரயிலும் எங்கேயும் மோதவில்லை.

அவனுக்குப் பைத்தியம் என்று எல்லாரும் முடிவு கட்டுகிறார்கள். வேலை போகிறது. பிறகு ஒரு கொலையும் நடந்து, பழி அவன் மேல் விழுகிறது. தான் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிற ஒரு பழைய ஓவியம் அசலா போலியா என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். கதை அந்த முடிச்சில்தான் நிற்கிறது.

ரயில் மோதியதா இல்லையா?

மோதவில்லை. மோதியது போன்ற நினைவு ஊசி மருந்து போட்டு அவனுக்குள் ஏற்றப்பட்டது.

படத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நாங்கள் நினைப்பது, அவன் மறுபடியும் அதே ரயிலில் ஏறிப் போகிற காட்சியைத்தான். முதல் தடவை, தாய்க்குச் சுகமில்லை என்று வந்த பொய்த் தகவலை நம்பி ஏறியவன். இந்தத் தடவை அதே நேரத்து ரயிலில் ஏறி, வேண்டுமென்றே அதே அனுபவத்துக்குள் போய் உட்காருகிறான். யன்னலுக்கு வெளியே தூரத்தில் எதிர் ரயிலின் வெளிச்சம் தெரிகிறது. வெளிச்சம் பெருக்கிறது, கூவல் சத்தம் ஏறுகிறது, அவன் முகம் வேர்க்கிறது. நமக்கும் நெஞ்சு அடிக்கிறது. எதிர் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் சடசடவென்று கடந்து போய்விடுகிறது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், 'நான் கண்டது எது, எனக்குக் காட்டப்பட்டது எது' என்று அவன் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறான். முதல் நாள் இரவு, குடிகாரன் என்று சொல்லி ஒருவனைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்ற செய்தியும் வழியில் கிடைக்கிறது. அந்தக் 'குடிகாரன்' அவனேதான்.

இந்தக் காட்சி எங்கள் கொட்டகையில் வேறு மாதிரி வேலை செய்தது. வடக்குப் பாதையில் 1990இல் நின்ற ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில். யாழ்ப்பாணம் வரை போனது 2014 ஒக்டோபரில். இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. அந்த வருடங்களில் வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள் ரயிலை முதலில் கண்டதே படங்களில்தான். இரவு ரயிலின் யன்னல் ஓரம், எதிர் வண்டியின் வெளிச்சம் என்றெல்லாம் அந்தக் காலத்து யாழ்தேவியில் போய்வந்த மூத்தவர்கள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார்கள். படத்தை நிறுத்தி அதற்கு இடம் விட்டோம். விட்டது நல்லது.

ஊசி போட்டு ஒருவருடைய நினைவை மாற்ற முடியுமா?

படத்தில் காட்டுகிற அளவுக்கு முடியாது. ஆனால் அந்த எண்ணம் வெறும் கற்பனையிலிருந்து வந்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் போர்முனை அதிர்ச்சியால் பேச்சு அடைத்துப்போன, நடுங்கிக்கொண்டிருந்த படையினருக்கு சோடியம் பென்டதோல் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றி, அரைமயக்கத்தில் பேசவைத்தார்கள். ரோய் கிரிங்கர், ஜோன் ஸ்பீகல் என்ற இரண்டு அமெரிக்க இராணுவ மனநல மருத்துவர்கள் வட ஆபிரிக்காவில் இதைச் செய்து, இந்த முறையைப் பரவலாக அறியவைத்தார்கள். படம் வந்த வருடம் 1946. போரிலிருந்து திரும்பிய ஆட்களைப் பற்றிய பேச்சு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்த நேரம்.

மயக்கத்தில் ஒருவர் நிறையப் பேசுவார். பேசுவதெல்லாம் உண்மை என்று இல்லை. கற்பனையும் கலந்து வரும், கேட்கிறவர் எடுத்துக் கொடுப்பதையும் பிடித்துக்கொள்வார். மருந்தே இல்லாமல் பேச்சால் மட்டும் நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பவைக்கலாம் என்று எலிசபெத் லொஃப்டஸ் என்ற உளவியலாளர் 1990களில் காட்டினார். சிறு வயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக வீட்டார் மூலமாகச் சொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அதை உண்மையென்றே 'நினைவுகூர்ந்தார்கள்'.

இந்தப் படத்தில் எங்களுக்கு அதிகம் வலித்தது ஊசி இல்லை. ஒரு மனிதன் தான் பட்டதைச் சொல்கிறான், அதைக் கேட்கிறவர்கள் பதிவேட்டைப் பார்த்து 'அப்படி ஒன்று நடக்கவில்லை' என்கிறார்கள், அதோடு அவன் பைத்தியம் ஆகிவிடுகிறான். அவன் சொன்ன சம்பவம் நடக்கவில்லைதான். ஆனால் அவனுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது உண்மை. அதை விசாரிக்க அவனுடைய தோழி டெரியைத் தவிர ஒருவரும் மினக்கெடவில்லை. வன்னியில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எக்ஸ்ரே எடுத்தால் ஓவியம் போலி என்று எப்படித் தெரியும்?

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கைக்கு எடுக்கிற அதே கதிர்தான். எலும்பில் உள்ள கல்சியம் கதிரைத் தடுக்கும், அதனால் எலும்பு படத்தில் வெள்ளையாக விழும். ஓவியத்தில் அந்த வேலையை ஈயம் செய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய முக்கியமான வெள்ளை நிறம் ஈயத்திலிருந்து செய்தது. முகத்தில் வெளிச்சம் படுகிற இடம், துணி மடிப்பு, வானம் எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் மேலே தெரிகிற படம் மங்கி, அடியில் தூரிகை எப்படிப் போய்வந்தது என்பது வெளியே வரும்.

சரி, அதில் என்ன பார்ப்பார்கள்? சொந்தமாக யோசித்து வரைகிறவர் தடுமாறுவார். கையை முதலில் மேலே வரைந்து, பிறகு கீழே இறக்குவார். ஒரு ஆளை வைத்துப் பார்த்து, சரிவராமல் அழித்து, அந்த இடத்தில் தூணை வரைவார். இந்த மாற்றங்களெல்லாம் அடிப்படலத்தில் கிடக்கும். பார்த்து வரைகிறவருக்கோ முடிந்த படம் முன்னால் இருக்கிறது. எங்கே எது வரவேண்டும் என்பது அவருக்கு முதலே தெரியும். அதனால் அவருடைய அடிப்படலத்தில் மனமாற்றம் இருக்காது. சுத்தமாக இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இன்னொன்றும் உண்டு. போலி செய்கிறவர் பழைய துணி வேண்டும் என்பதற்காக மலிவான பழைய ஓவியம் ஒன்றை வாங்கி, அதைச் சுரண்டிவிட்டு மேலே வரைவார். சுரண்டியதில் மிஞ்சியது எக்ஸ்ரேயில் வந்து நிற்கும்.

படத்தில் ஸ்டீல் அடுத்த விரிவுரையில் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து மக்களுக்கு முன்னால் காட்டப்போகிறேன் என்று சொன்ன இடத்தில்தான் அவனுக்கு ஆபத்து தொடங்குகிறது. நிபுணர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற சோதனையை எல்லாரும் பார்க்கும்படி செய்கிறேன் என்கிறான். குற்றவாளிக்கு வயிறு கலங்கியது அதனால்தான்.

எந்த ஓவியம் போலி? அது உண்மையில் இருக்கிறதா?

படத்தில் இரண்டு ஓவியங்கள் வருகின்றன. ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்தது. கப்பலில் போகும்போது எரிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. மற்றது ஜேர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின், குழந்தை இயேசுவை அரசர்கள் வணங்குகிற காட்சி. திட்டம் இதுதான்: அசலை எடுத்துக்கொண்டு போலியை மாட்டுவது, பிறகு அந்தப் போலியைத் தீயில் அழிப்பது. எரிந்த சாம்பலுக்கு எக்ஸ்ரே எடுக்க முடியாது.

அதே காட்சியை டியூரர் 1504இல் உண்மையிலேயே வரைந்திருக்கிறார். அந்த அசல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் உஃபிஸி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. அது நியூயோர்க்கில் தொங்குவது படத்துக்காகச் செய்த ஏற்பாடு.

இப்படிப்பட்ட போலிக்காரர் உண்மையில் இருந்தாரா?

படம் எடுத்த அதே காலத்தில் ஒருவர் பிடிபட்டிருந்தார். ஒல்லாந்தில் ஹான் வான் மேகரன்.

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் வரைந்து மிஞ்சியிருப்பவை மிகச் சில. புதிதாக ஒன்று கிடைத்தது என்றால் கலை உலகமே திரும்பிப் பார்க்கும். வான் மேகரன் அந்த ஆசையின் மேல்தான் கை வைத்தார். அந்தக் காலத்துத் துணியையே தேடி வாங்கினார். எண்ணெய் நிறம் முழுதாகக் காய்ந்து இறுகப் பல பத்து வருடங்கள் எடுக்கும்; அவர் நிறத்தில் பேக்லைட் வகைப் பிசினைக் கலந்து, அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கினார். பழைய ஓவியத்தில் இருக்கிற மெல்லிய வெடிப்பு வர, துணியை உருளையில் சுற்றினார். வெடிப்புக்குள் கறுப்பு மையை ஊறவிட்டு, நூற்றாண்டுத் தூசி போல ஆக்கினார்.

1937இல் ஆபிரகாம் பிரேடியஸ் என்ற ஒல்லாந்து அறிஞர், அப்போது அவருக்கு வயது 82, வான் மேகரனின் ஒரு போலியை வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்று எழுதினார். ரொட்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு அது அரை மில்லியன் கில்டருக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டது. போர்க் காலத்தில் இன்னொரு 'வெர்மீர்' ஹிட்லரின் வலக்கையான கோரிங்கிடம் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்ததும், 1945 மே மாதத்தில், நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்ற குற்றத்துக்காக வான் மேகரனைப் பிடித்தார்கள். தப்ப ஒரே வழிதான் இருந்தது. 'அது வெர்மீர் இல்லை, நான் வரைந்தது' என்றார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் காவலில் இருந்தபடியே, சாட்சிகள் பார்த்திருக்க, இன்னொரு 'வெர்மீர்' வரைந்து காட்டினார்.

பிறகு ஒரு நிபுணர் குழு வேதியியல் சோதனையும் எக்ஸ்ரேயும் செய்தது. வெர்மீரின் காலத்தில் இல்லாத செயற்கைப் பிசினான பேக்லைட் பிடிபட்டது. அவருடைய 'கடைசி இராப்போசனம்' ஒன்றின் அடியில் யாரோ வரைந்த வேட்டைக் காட்சி தெரிந்தது. 1947 நவம்பரில் ஒரு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதை அனுபவிக்க முன்பே, டிசம்பர் கடைசியில், மாரடைப்பில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் 'ரொட்டர்டாமில் இருந்தது மட்டும் அசல்' என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். 1960களின் பிற்பகுதியில் அந்த ஓவியத்தின் வெள்ளை நிறத்தில் இருந்த ஈயத்தின் கதிரியக்கத்தை அளந்துதான் அந்த வாதத்தை முடித்துவைத்தார்கள். தாதுவிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்த நாளிலிருந்து அதன் கதிரியக்கம் படிப்படியாகக் குறையும். முந்நூறு வருடம் பழைய ஈயத்தில் இருக்க வேண்டியதைவிட அதில் எவ்வளவோ கூடுதலாக இருந்தது.

லோவெல் ஏன் இதைச் செய்தார்? பணத்துக்காகவா?

இல்லை, அதனால்தான் அந்தப் பாத்திரம் மனதில் நிற்கிறது. ரே கொலின்ஸ் நடித்த டொக்டர் லோவெல் அருங்காட்சியக வட்டத்தில் எல்லாரும் மதிக்கிற ஆள். ஓவியத்தை உண்மையாகவே நேசிக்கிறார். தரம் தெரியாத சனங்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போவதற்காக இவ்வளவு பெரிய படைப்புகள் சுவரில் தொங்கவேண்டுமா என்பதுதான் அவருடைய கேள்வி. தகுதியுள்ள தன்னிடம் அசல் இருக்கட்டும், சனங்களுக்குப் போலி போதும், அவர்களுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று நினைக்கிறார். ஸ்டீலோ அதே சனங்களுக்குப் படம் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதற்காகத் திட்டு வாங்குகிறவன். அருங்காட்சியக நிர்வாகிக்கு அவனுடைய விரிவுரைகள் பிடிக்காததும் இதே காரணத்தால்தான். படத்தின் உண்மையான சண்டை இவர்கள் இருவருக்கும் இடையில்.

இதை எழுதும்போது வற்றாப்பளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நந்திக்கடல் கரையில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்குகிற ஊர் இது. கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்த சனங்கள் நாங்கள். அந்தக் கதையில் சிலம்பு யாருடையது என்று சொல்ல அரசன் நம்பியது பொற்கொல்லனை. அவன்தான் துறை தெரிந்தவன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவன்தான். கோவலன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கண்ணகி என்ன செய்தாள்? தன் பேச்சை நம்பச் சொல்லிக் கெஞ்சவில்லை. சிலம்பை எல்லாருக்கும் முன்னால் உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, அவளுடையதில் மாணிக்கம். உள்ளே இருப்பது வெளியே வந்தது, வழக்கு முடிந்தது. ஸ்டீல் எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் நிற்கிற இடத்தில் எங்கள் கொட்டகையில் ஒரு ஐயா சத்தமாகவே சொன்னார்: "இது மாணிக்கப் பரல்தான்."

தொடக்கத்தில் நவீன ஓவியத்தைக் கிண்டல் செய்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. அந்த விரிவுரைக் காட்சியில் சர்ரியலிச ஓவியம் ஒன்றை வைத்து ஸ்டீல் பகிடி பண்ணுகிறான், சனங்கள் சிரிக்கிறார்கள், அதை ஆதரித்துப் பேசுகிற ஆளைக் கோமாளியாகக் காட்டுகிறார்கள். 1937இல் மியூனிக் நகரத்தில் நாஜிகள் நவீன ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று தொங்கவிட்டுச் சனங்களைச் சிரிக்கவைத்தார்கள். நாஜிகளுக்கு எதிரான போரிலிருந்து திரும்பிய கதாநாயகன், ஒன்பதே வருடங்களில், அதே வகைச் சிரிப்பை எழுப்புவது இந்தப் படத்தின் பெரிய குறை. சனங்களை மதிக்கிறவன் என்று காட்ட அது தேவையும் இல்லை. புரியாத படத்தையும் சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

டிரேபினாக வருகிறவர் ஏன் கொஞ்சம் இறுக்கமாக நடக்கிறார்?

ஹெர்பர்ட் மார்ஷல் முதலாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடுதான் முப்பது வருடத்துக்கு மேல் படங்களில் நடித்தார், கதாநாயகனாகவும் நடித்தார். டிரேபின் நல்லவனா கெட்டவனா என்று கடைசி வரைக்கும் நம்மை யோசிக்கவைத்து, லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் என்று முடிவில் தெரியவருகிற பாத்திரம். இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கும் ஒரு கால் செயற்கைக் கால்தான். பதிலைக் கேட்டுவிட்டு, மார்ஷல் வருகிற இடங்களை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். போட்டோம்.

எங்கள் வீட்டுப் படத்தை ஸ்ரூடியோவில் சேர்த்துச் செய்தோம். அதுவும் போலிதானா?

இதைக் கேட்டவர் ஒரு அம்மா. ஒருவர் கேட்டதும் வேறு பலரும் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பங்களில் கலியாண அல்பம் கையில் இருந்தவர்கள் குறைவு. மிஞ்சியது பலருக்கு அடையாள அட்டைப் படம் மட்டும். மீள்குடியேறியதும் அதைக் கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போனார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம். நகத்தளவு படத்தை ஸ்கேன் பண்ணி, திரையில் பெரிதாக்குவார்கள். முத்திரையின் கோடு கன்னத்துக்குக் குறுக்கே ஓடும். மற்றக் கன்னத்தின் தோலிலிருந்து துளித்துளியாக எடுத்து அந்தக் கோட்டின் மேல் வைத்து மூடுவார்கள். பழைய சேட்டுக்குப் பதில் வெள்ளைச் சேட்டு, பின்னால் நீல நிறம். "காது இப்படி இல்லைத் தம்பி, கொஞ்சம் விரிஞ்ச காது" என்று பக்கத்தில் நிற்கிற மனைவி சொல்லச் சொல்லத் திருத்துவார்கள். சில வீடுகளில், இல்லாமல் போன தகப்பனை மகளின் கலியாணப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அது போலி இல்லை. பார்த்து வரைவதோ, திருத்துவதோ, சேர்ப்பதோ குற்றம் ஆகாது. ஓவியம் பழகுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் பெரியவர்களின் ஓவியத்தைப் பார்த்து வரைந்துதான் பழகியிருக்கிறார்கள். இன்னொருவரை ஏமாற்றி, இதுதான் அசல் என்று சொல்லி, அந்தப் பொய்யால் ஒன்றைப் பெறும்போதுதான் குற்றம் தொடங்குகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற படம் யாரையும் ஏமாற்றவில்லை. அது எப்படி வந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் செய்யுங்கள். பேரப்பிள்ளைகளின் காலத்தில் அது தெரியாமல் போகலாம். படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள்: யார், எந்த அட்டைப் படத்திலிருந்து செய்தது, எந்த வருடம் செய்தது. அந்தச் சின்ன அட்டைப் படத்தையும் எறியாமல் ஒரு கடித உறையில் போட்டுக் கூடவே வையுங்கள்.

ஒரு ஓவியமோ சிலையோ அசல் என்பதற்குப் பத்திரம் இருந்தால் போதாதா?

பத்திரமும் போலியாக இருக்கலாம். வன்னியில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து போன ஆட்களின் காணிக்குக் கள்ள உறுதி முடித்து விற்ற கதை ஊருக்கு ஒன்று இருக்கிறது. உறுதி கையில் இருந்தாலும், அதற்கு முந்தைய உறுதி எங்கே, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, பதிவகத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் விவரம் தெரிந்தவர் காசு கொடுக்கமாட்டார். கலைப்பொருளுக்கும் அப்படித்தான் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தன் கோயில் நடராசர் சிலை இதற்கு நல்ல உதாரணம். கோயிலிலிருந்து திருட்டுப் போன அந்தச் சோழர் காலச் சிலையை அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் ஐந்து மில்லியன் டொலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயோர்க் வியாபாரி சுபாஷ் கபூர். சிலை அசல், அது நாட்டை விட்டு எப்போதோ சட்டப்படி போய்விட்டது என்று காட்டிய தாள்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தது. அந்தத் தொகுப்பில், கோயிலில் இருந்த நாளில் எடுத்த இதே நடராசரின் படம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் பேச்சு முடிந்தது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. இன்னொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறை விதித்தது.

திருட்டுப் போன அசலை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு புகைப்படம், அதாவது ஒரு பிரதி. ஊர்க் கோயில்களில் மிஞ்சியிருக்கிற பழைய சிலை, செப்பேடு, ஏடு, தேர்ச் சிற்பம் எல்லாவற்றையும் இன்றைக்கே படம் எடுத்து, திகதி போட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கச் சொல்லிக் கோயில் நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நான்கு பக்கமும் எடுக்க வேண்டும். சிலையில் இருக்கிற கீறல், உடைவு, தேய்வு ஆகியவற்றைக் கிட்டவாக எடுப்பது மிக முக்கியம். அடையாளம் அவற்றில்தான் இருக்கிறது.

காணி வெட்டும்போது பழைய பொருள் ஏதும் கிடைத்தால்?

விற்க வேண்டாம், கழுவித் துலக்கவும் வேண்டாம். மண்ணும் கறையும் சேர்ந்துதான் அதன் வயதைச் சொல்லும். கிடைத்த இடத்தைப் படம் எடுத்துவிட்டு, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. புதையல் தேடித் தோண்டுவதும் அனுமதியில்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம்.

பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. ரத்தம் இல்லை. ரயில் காட்சியும் கப்பல் தீயும் சிறு பிள்ளைகளைப் பயப்படுத்தலாம். பெரியவர்களிலும், பெரிய சத்தமும் தீயும் பழைய நினைவுகளைக் கிளப்புகிறவர்கள் எங்களிடையே நிறைய இருக்கிறார்கள். அதனால் அந்த இரண்டு இடமும் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறோம், வாசல் பக்கத்து வெளிச்சத்தை அணைப்பதில்லை. வெளியே போக விரும்புகிறவர்கள் போகலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காது. வந்து பயன் இருக்குமா?

இருக்கும். தொடங்க முன் கதையின் பாதியைத் தமிழில் சொல்வோம். நடுவில் மூன்று இடத்தில் நிறுத்துவோம்: விரிவுரை முடிந்ததும், இரண்டாவது ரயில் பயணத்துக்கு முன்னும், லோவெல் தன் நியாயத்தைச் சொல்லத் தொடங்கும்போதும். லோவெலின் பேச்சு மட்டும் சொல்லுக்குச் சொல் தெரியவேண்டியது. அதைத் தமிழில் எழுதி, படி எடுத்து, கதவடியில் வைத்திருக்கிறோம். வரும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள், எழுத்து கொஞ்சம் சின்னது.